இஜ்ஜா படித்த கல்

லாலா இஜ்ஜாவை நான் முதலில் பார்த்தது இந்தக் கடற்கரை ஊர்ப் பள்ளிவாசலின் பக்கவாட்டுப் படியில்; 'லாலா' என்பது இங்கே மூத்த பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல். ஒரு வெள்ளிக்கிழமை மாலை. மடியில் காலித் தண்ணீர்க் கேன், கையில் வாடிய வாசனைத் தழை. மறுநாள் தொடங்கவிருந்த வகுப்புக்கு அறை எப்படி இருக்கிறதென்று பார்க்க வந்திருந்தேன். அறை பூட்டியிருந்தது.

"யாரு தம்பி? சுண்ணாம்பு அடிக்க வந்தவனா?"

"வாத்தியார், பெரியம்மா. நாளையிலேர்ந்து பெரியவங்க வகுப்பு நான்தான் எடுக்கப்போறேன்."

"நீயா? மீசையே இன்னும் வரலாமா வேண்டாமான்னு யோசிக்குது."

அகாடிர் நகரில் படித்து வரலாற்றில் பட்டம் வாங்கியவன் என்று சொன்னேன். அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. மலைமேல் எங்கள் ஊரில் முதல் பட்டதாரி நான். என் சான்றிதழை அம்மா மாவுப்பெட்டிக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறாள். வருகிற விருந்தாளி ரொட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் அதைப் பார்த்தாக வேண்டும்.

"அப்ப நல்லதாப் போச்சு," என்றார் லாலா இஜ்ஜா. "எனக்கு ஒரே ஒரு கல்லைப் படிக்கச் சொல்லிக்குடு. மிச்ச எழுத்தையெல்லாம் நீயே வச்சுக்க."

அந்தக் கல் அவருடைய கணவர் பிஹியின் கபரின் தலைமாட்டில் நடப்பட்ட, பெயர் பொறித்த மீசான் கல். பிஹி கடலில் போனவர். கல்யாணமாகி, மகள் பிறந்து, அவள் நடக்கத் தொடங்குவதற்குள் படகு கவிழ்ந்துவிட்டது. அன்று முதல் வெள்ளிதோறும் ஊர் அடக்கத்தலமான மையவாடிக்குப் போய், கல்லைத் துடைத்து, தழை வைத்து, தண்ணீர் ஊற்றிவிட்டு வருவார். மத்தி மீன் ஆலையில் தலை கிள்ளிக் கிள்ளியே முதுமையடைந்தவர். சமீபத்தில் அகாடிர் டாக்டர் அவருடைய நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, அவரை வெளியே உட்காரச் சொல்லி மகளிடம் மட்டும் பேசினார். லாலா இஜ்ஜாவுக்கு அதிலேயே விஷயம் புரிந்துவிட்டது. ஊர் திரும்பியதும் முதல் வேலையாகக் குழி வெட்டுபவரிடம் போய், அந்தக் கல்லுக்குப் பக்கத்து இடத்தைத் தனக்கென்று சொல்லி வைத்தார். அங்கே போய்ப் படுப்பதற்குள் அதில் எழுதியிருப்பதைத் தன் வாயால் படித்துவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு மிச்சமிருந்த ஆசை.

பிற்பகல் அசர் தொழுகைக்கும் அந்தி மஃரிபுக்கும் நடுவில் வகுப்பு. ஆலையில் வேலை முடிந்த பெண்கள் மீன் வாடையோடும் சோப்பு வாடையோடும் வந்து சுவரோரமாக உட்காருவார்கள். பாடத்துக்கு முன்னால் அவரவர் கண்ட கனவைச் சொல்லி முடிக்காமல் யாரும் பென்சிலைத் தொடமாட்டார்கள். தடுத்துப் பார்த்தேன். பட்டதாரியின் பேச்சு எடுபடவில்லை.

"அடியே இஜ்ஜா, நேத்து உன் மாப்பிள்ளை வந்தாரா?" என்று தொடங்கி வைப்பவர் ரக்கூஷ். ஆலையில் இருவரும் ஒரே மேசை.

"வந்தாரு. சொட்டச் சொட்ட நனைஞ்சுபோய் நின்னாரு. எப்பவும்போல முதுகைக் காட்டிக்கிட்டு, 'நீ யாரு?'ன்னு கேட்டாரு."

"இத்தனை வருஷமாவா ஒருத்தர் அதையே கேப்பாரு?"

"உசுரோட இருந்தப்பவும் அப்படித்தான். சந்தையில என்னைத் தெரியாதவர் மாதிரியே போவாரு. ரொம்பக் கூச்சக்காரர்."

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் லாலா இஜ்ஜா மற்றவர்களைவிட வேகமாகப் படித்தார். பிஹியின் பெயர் அரபு 'பே' எழுத்தில் தொடங்கும், அதற்குக் கீழே ஒரு புள்ளி, அடுத்த எழுத்துக்குக் கீழே இரண்டு என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். கடைப் பலகை, மருந்துச் சீட்டு, உப்புப் பை என்று எதைக் கண்டாலும் அந்தப் புள்ளிகளைத்தான் முதலில் தேடுவார். மழை விட்ட ஒரு வெள்ளியன்று, "இன்னிக்குப் படிக்கப்போறேன்" என்று ரக்கூஷிடம் சொல்லிவிட்டுத் தனியாகப் போனார்.

மறுநாள் வந்தவர் உட்காரவில்லை. கனவும் சொல்லவில்லை. நேரே கரும்பலகைக்குப் போய், சாக்கட்டியை மீன் கத்தி பிடிப்பதுபோலப் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாக வரைந்தார்.

"தம்பி, இது என்ன பேர்?"

"அல்லால்."

"பிஹின்னு வராதா?"

"வராது, பெரியம்மா."

"புள்ளியெல்லாம் உதிர்ந்து போயிருக்கும்னு நெனச்சேன். நகத்தால சுரண்டிக்கூடப் பார்த்தேன்."

"இந்தப் பேருக்குப் புள்ளியே கிடையாது."

லாலா இஜ்ஜா பலகையைத் துடைக்கப் போனார். பாதியில் கையை எடுத்துக்கொண்டார். "இருக்கட்டும், பாவம்," என்றார். அன்று பாடம் முழுக்க அந்தப் பெயர் எங்கள் தலைக்கு மேலே இருந்தது.

அதன்பிறகு அவருடைய நடை மாறியது. வீட்டுக்குப் போகும் வழி மையவாடியின் ஊடாகத்தான். சிறு வயதிலிருந்து நடந்த வழி. இப்போது கல் வரிசை வந்ததும் முக்காட்டைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, ரக்கூஷின் கையைப் பிடித்துக்கொண்டு போனார்.

"முன்னெல்லாம் கல்லு கல்லா இருந்துச்சு," என்றார் என்னிடம். "இப்ப நான் போனா ஒவ்வொண்ணும் பேரைச் சொல்லுது. படிக்கக் கூடாதுன்னுதான் பார்க்கிறேன், கண்ணு தானாப் படிச்சிடுது. சின்னப் புள்ளைங்க பேரெல்லாம் இருக்கு, தம்பி. இதை மறக்கிறதுக்கு ஏதாவது பாடம் இருக்கா?"

இல்லை என்றேன்.

கொழுந்தன் ஹம்முவைப் போய்க் கேட்டோம். கடற்கரைத் தேநீர்க்கடையில் வெயில் பட உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கம் பெண்கள் ஜனாஸா ஊர்வலத்தின் பின்னால் போவதில்லை. அடக்கம் ஆண்களோடு முடிந்துவிடும். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்து, துக்கத்தின் வெள்ளைத் துணியைக் களைந்த பிறகு, லாலா இஜ்ஜாவை மையவாடிக்குக் கூட்டிப்போய்க் கபரைக் காட்டியவர் இந்த ஹம்முதான்.

"அல்லாலா?" என்று கிழவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "நம்ம படகுல கூலிக்கு வந்தவன். எங்கேயோ கிழக்கேயிருந்து வந்தான். சொந்தம்னு ஒருத்தரும் இல்ல. படகுலேயே எழுத்துத் தெரிஞ்ச ஒரே ஆளு. எங்களுக்கு வர்ற காகிதமெல்லாம் அவன்தான் படிச்சுச் சொல்வான். அண்ணனும் அவனும் ஒரே நாள்ல கரை ஒதுங்கினாங்க. ஒரே நாள்ல அடக்கம்."

"அப்ப எனக்கு எந்தக் கபரைக் காட்டினீங்க?"

"அன்னிக்கு மூடுபனி, அண்ணி. என் கை எனக்கே தெரியல. நீங்க விம்மிக்கிட்டு நிக்கிறீங்க. நடுவுல கள்ளிப்புதர் வேற. எனக்கும் படிக்கத் தெரியாது. கைக்குக் கிடைச்ச கல்லைக் காட்டினேன்."

"பிஹி கல்லு கள்ளிக்கு அந்தப் பக்கம் இருக்குமா?"

ஹம்மு கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கல்லு இருக்கும். ஆனா கல்லுல பேர் எழுதினவன் அப்புறமா வந்தவன். யாரோ 'இது இவரு, அது அவரு'ன்னாங்க, எழுதினான். அடக்கத்தப்பவே யாருக்கும் தெரியல, அண்ணி. கடல்ல ரொம்ப நாள் கிடந்த முகம். நாங்க பார்க்கல. பார்க்க முடியல."

அடுத்த வெள்ளி நாங்கள் மூவரும் போனோம், லாலா இஜ்ஜா, ரக்கூஷ், நான். பகல்தான். கடலிலிருந்து பனி ஏறிவந்து, மையவாடியின் மேல்பாதி இல்லாததுபோல் ஆகியிருந்தது. கள்ளிப்புதரைச் சுற்றிப் போனால் உப்பில் அரித்த கல் ஒன்று சாய்ந்து நின்றது. லாலா இஜ்ஜா மண்டியிட்டு விரலை வைத்தார். கீழே ஒரு புள்ளி. அடுத்து இரண்டு. "பி... ஹி," என்று படித்தார். வகுப்பில் சரியாகப் படித்தால் நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பார். அன்று பார்க்கவில்லை.

கேனைத் திறந்து தண்ணீர் ஊற்றினார். மண் அதை வாங்கவில்லை. தகரத்தில் ஊற்றியதுபோல் நீர் அப்படியே பளபளத்து நின்றது. பிறகு மெல்ல நகர்ந்து, கள்ளியின் வேர்களுக்குள் புகுந்து, அந்தப் பக்கம் போயிற்று. நாங்கள் சுற்றிப்போய்ப் பார்த்தோம். அல்லாலின் கபர் ஓரம் ஈரமாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது.

"இங்க இருக்கிறவரு எப்பவும் இப்படித்தான் குடிப்பாரு," என்றார் லாலா இஜ்ஜா. "தாகக்காரர்னு சொல்லுவேனே."

பல வருடம் தண்ணீர் படாத மண் இறுகிப்போகும், நிலம் அந்தப் பக்கம் சரிவு என்று விளக்கினேன். அது உண்மைதான். ஆனால் சொல்லும்போது என் குரல் தேவைக்குமேல் சத்தமாக இருந்தது.

மறுநாள் வகுப்பில் ரக்கூஷ்கூடக் கனவைப் பற்றிக் கேட்கவில்லை. லாலா இஜ்ஜாவே சொன்னார்.

"நேத்து என் பக்கம் திரும்பினாரு."

"யாரு, அக்கா?" என்றாள் சுவரோரம் இருந்த ஒருத்தி.

"அதைத்தான் நானும் பார்த்தேன். முகத்துல ஒண்ணுமில்ல. துடைச்ச பலகை மாதிரி இருந்துச்சு. எழுதி அழிச்ச வெள்ளைத் தடம் மட்டும். 'நீ யாரு?'ன்னாரு. எனக்கு வாய் வரல. பிஹி குரலான்னு காது குடுத்துக் கேட்டேன். பிஹி குரல் எப்படியிருக்கும்னே எனக்கு ஞாபகம் இல்ல. ஒரு போட்டோகூட எடுத்ததில்லையே."

அவர் அழவில்லை. பென்சிலைக் கூராக்கிக்கொண்டே சொன்னார்.

வகுப்பு முடிந்ததும் அவரைத் தனியாக நிறுத்தினேன். குழி வெட்டுபவரிடம் போய் இடத்தை மாற்றிச் சொல்லுங்கள், பிஹி பெயர் உள்ள கல்லுக்குப் பக்கத்தில் என்றேன். எழுதியிருப்பதை நம்பாவிட்டால் எதற்குப் படித்தோம்?

"எழுதினவன் காதால கேட்டு எழுதினான், தம்பி. நான் ஹம்மு சொல்லிக் கேட்டேன். ரெண்டும் ஒண்ணுதானே?"

"அப்ப அல்லால் பக்கத்துலேயே இருந்துக்கிறீங்களா? அந்நிய ஆம்பளை, பெரியம்மா."

"அந்நிய ஆம்பளைக்கா இத்தனை வெள்ளிக்கிழமை தண்ணி சுமந்தேன்? என் மக சின்னப் புள்ளையில அந்தக் கல்லைத்தான் 'வாப்பா'ன்னு கூப்பிடுவா." பென்சிலை என் பக்கம் நீட்டினார். "நீ ஒண்ணு செய். என் பேரை எழுதச் சொல்லிக்குடு. வேற யாரோட பேரும் இப்ப வேண்டாம்."

அதுவரை அவர் தன் பெயரை எழுதக் கற்றிருக்கவில்லை. முதல் நாள் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள், அவர் மட்டும் கேட்கவில்லை. இஜ்ஜாவின் நடு எழுத்துக்கு வயிற்றில் ஒரு புள்ளி உண்டு. அதைப் பார்த்ததும், "புள்ளத்தாச்சி எழுத்து" என்று அவர் வைத்த பெயர் வகுப்பில் இன்றும் நிலைத்திருக்கிறது. பலகையில் எழுதினார், மாவில் எழுதினார், ஆலையில் ஈர மேசையில் மீன் செதில்களை ஒதுக்கிவிட்டு எழுதினார் என்று ரக்கூஷ் புகார் சொன்னார்.

ஒருநாள் முகமெல்லாம் வெளிச்சமாக வந்தார்.

"நேத்து கேட்டாரு. சொல்லிட்டேன்!"

"வாய் வந்துச்சா?" என்றார் ரக்கூஷ்.

"வாய் வரல. அவர்கிட்டேயிருந்து சொட்டின தண்ணி தரையில கிடந்துச்சு. அதுல விரலை வச்சு எழுதிக் காட்டினேன். குனிஞ்சு பார்த்தாரு. 'இஜ்ஜா'ன்னு படிச்சாரு."

பெண்கள் கைதட்டினார்கள். ஒருத்தி குலவையிட்டாள். ரக்கூஷ் மட்டும் கைதட்டவில்லை.

"அடியே, பிஹிக்குத்தான் எழுத்து தெரியாதே," என்றார்.

கைதட்டல் நின்றது. வெளியே குழாயடியில் யாரோ தொழுகைக்கு ஒளுச் செய்யும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. என் முதுகுக்குப் பின்னால் இருந்த துடைத்த பலகையைத் திரும்பிப் பார்க்க எனக்கு மனமில்லை.

லாலா இஜ்ஜா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "இத்தனை வருஷமா எழுத்துத் தெரிஞ்சவன் பக்கத்துலதானே படுத்திருக்காரு. இந்த வயசுல நான் கத்துக்கிட்டேன். அவர் கத்துக்க மாட்டாரா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தோம், கொஞ்சம் அதிகமாகவே.

அந்த வாரமே அவர் குழி வெட்டுபவரிடம் போய் இடத்தை மாற்றினார். நான் சொன்ன இடத்துக்கல்ல. கள்ளிப்புதரை வெட்டிவிட்டு நடுவில். "எந்தப் பக்கம் யாரு கேட்டாலும் படிச்சுக்கட்டும்," என்றார். தச்சரிடமிருந்து ஒரு பலகை வாங்கிவந்து, வகுப்பிலேயே உட்கார்ந்து, படகுக்கு அடிக்கும் நீலப் பெயின்ட்டில் தன் பெயரை எழுதினார். எழுத்துகள் இடதுபக்கம் போகப் போகச் சரிந்தன. திருத்தட்டுமா என்றேன். கையைத் தட்டிவிட்டார்.

பாதாம் பூக்கும் பருவத்தில் ஆலை வாசலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பெண்கள் வீட்டு வாசலோடு நின்றார்கள். ஆண்களோடு நான் சந்தூக்குப் பெட்டியைத் தோளில் தாங்கிப் போனேன். அன்றும் பனி. ஹம்மு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கல் வரிசை வந்ததும் நின்றார்.

"நீ படிச்சவன்தானே? இந்தத் தடவை எது எதுன்னு சத்தமாப் படிச்சுச் சொல்லு, வாத்தியாரே. எல்லாரும் கேக்கட்டும்."

படித்தேன். வலப்பக்கம் அல்லால். இடப்பக்கம் பிஹி. பனிக்குள் இரண்டு பெயர்களும் எனக்கே திரும்பி வந்தன. குழிக்குள் மண் விழுந்தது. நீலப் பலகையை நட்டேன். மூன்றாம் நாள் பெண்கள் வந்தார்கள். யாரும் வழி கேட்கவில்லை. ரக்கூஷ் விரலை வைத்துப் பெயரைப் படித்துவிட்டுக் கேனிலிருந்து தண்ணீர் ஊற்றினார். புதுமண் அதை ஒரே மடக்காகக் குடித்தது.

லாலா இஜ்ஜா இப்போது இந்தக் கடற்கரை ஊர் மையவாடியில், கடலைப் பார்த்த சரிவில், அந்த இரண்டு கற்களுக்கும் நடுவில் இருக்கிறார்.