பிலோமினாவுக்கு இரண்டாவது ஞானஸ்நானம்

மலேசியாவின் ஈப்போவிலிருந்து மெல்பர்னுக்குப் படிக்க வந்து, கிளேட்டனில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்கு அமர்ந்தவள் பிலோமினா. கத்தோலிக்கப் பெண். முதலில் டேனியல் என்ற யூதனைக் காதலித்தாள். தாய் யூதராக இருந்தால்தான் பேரப்பிள்ளைகளும் யூதர்கள் என்று அவன் அம்மா பிலோமினாவை மதம் மாறச் சொன்னார். அதோடு அந்தக் காதல் முறிந்தது.

பிறகு வந்த ஸ்காட், மோர்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவன். அவனும் இயேசுவைத்தானே கும்பிடுகிறான், இனித் தொல்லையில்லை என்று நம்பினாள். கல்யாணப் பேச்சு எடுத்ததும், அவள் மறுபடியும் ஞானஸ்நானம் பெறவேண்டும் என்றான். கல்யாணம் நடக்கும் ஆலயத்துக்குள் மோர்மன்கள் மட்டுமே வரலாம், அவளுடைய பெற்றோர் வெளியே தோட்டத்தில் காத்திருக்கட்டும் என்றும் சொன்னான். பிலோமினாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. குழந்தையில் தனக்கு ஊற்றியது தண்ணீர் இல்லையா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"போனாப் போறான். நம்ம கோயில்லயே ஒரு பையனைப் பாப்போம்."

"டேனியல் வந்தப்ப நீங்க என்னாம்மா சொன்னீங்க? ஞானஸ்நானம் வாங்கிட்டு வரட்டும்னுதானே? நாம, டேனியல், ஸ்காட்டு, மூணு பேரும் கும்பிடுறது ஆபிரகாமோட சாமியத்தான். அப்புறம் ஏம்மா ஆளாளுக்கு மாறு, மாறுன்னு உயிரை எடுக்கிறீங்க?"



அடுத்த வாரம் ஸ்காட் வந்து, பதிவுத் திருமணத்துக்குச் சம்மதம் என்றான். முதலில் தன் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். கேட்டான். 2002இல் கல்யாணம் நடந்தது. இரண்டு அம்மாக்களும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தோட்டம் என்று அவன் சொன்ன அந்த வார்த்தையை மட்டும் பிலோமினா இன்னும் மன்னிக்கவில்லை.