இடது பக்கத்துச் சித்தப்பா

எங்கள் ஊரிலிருந்து ஒரகடம் வரைக்கும் ரோட்டை மோந்து பார்த்தே வழி கண்டுபிடித்துவிடலாம், அவ்வளவு சாம்பார் கொட்டியிருக்கிறது என்று அப்பா சொல்வார். மிகைதான், ஆனால் ரொம்பப் பெரிய மிகை இல்லை. மணிமங்கலத்துப் பக்கம் எங்கள் வீட்டில் அம்மா இருட்டோடு எழுந்து வைக்கிற சாம்பாரில் கணிசமான பங்கு, ஒரகடத்து ஹாஸ்டலைச் சேர்வதற்குள் பிக்கப் வண்டியின் பின்தட்டுக்குப் போய்விடும். எங்கள் தெரு நாய்கள் அந்த வண்டி திரும்பி வரும் நேரத்தை அறிந்து வைத்திருந்தன.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். நிலம் கம்பெனிக்குப் போன பிறகு எங்கள் வீட்டில் உலை கொதித்ததே அந்த ஹாஸ்டல் மெஸ்ஸால்தான். திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த பையன்கள் அங்கே தங்கியிருந்தார்கள். அவர்களுக்கு அம்மா சமைப்பாள், அப்பா கொண்டுபோய்ப் போடுவார். அப்பா வாங்கியிருந்தது பழைய வண்டி. அதன் பின்பக்கத்து ஷாக் அப்சார்பர் இரண்டும் எண்ணெய் ஒழுகி, நாங்கள் வாங்கும்போதே செத்துப்போயிருந்தன. கண்டெய்னர் லாரிகள் உழுதுபோட்ட அந்த ரோட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கினால், அடுத்த பள்ளம் வரும்வரை வண்டி ஆடி அடங்காது. அண்டாவின் மூடியைத் துணி போட்டுக் கட்டியும் பார்த்தாள் அம்மா. துணியும் சாம்பார் குடித்ததுதான் மிச்சம்.

ஒரு நாள் ஹாஸ்டல் மேனேஜர் வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலில் நின்றபடியே சொன்னார்.

“இந்த ஞாயித்துக்கெழம ஓனரே மத்தியான சாப்பாட்டுக்கு வராரும்மா. அன்னிக்கும் அரை அண்டாதான் வந்துச்சுன்னா, வேற மெஸ் பாத்துக்கிறோம். அப்பால என்னைச் சொல்லாத.”

அம்மா உள்ளே போய்ச் சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். அன்றைக்குத் தேவையானதை விட மூன்று மடங்கு உரித்துவிட்டாள் என்பதைப் பிறகுதான் கவனித்தாள்.

அப்பா மறுநாளே போய் இரண்டு புது ஷாக் வாங்கிவந்தார். கம்பெனி சாமான் கிடையாது, வெளிச் சாமான். ஆனால் பழசை விடத் தடிமனாக, மஞ்சள் பெயிண்ட் அடித்து, பார்ப்பதற்கு மாப்பிள்ளை மாதிரி இருந்தது. மாட்டுவதற்கு மெக்கானிக்கிடம் விடலாம் என்று அப்பா சொன்னதும் சித்தப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

சித்தப்பா அப்பாவின் தம்பி. கார் கம்பெனி ஒன்றில், வண்டிகள் நகர்ந்துகொண்டே வரும் லைனில் வேலை பார்த்தார். அவர் வேலையே ஷாக் அப்சார்பர் மாட்டுவதுதான்.

“இன்னாண்ணா பேசற? டெய்லி நான் இன்னா பண்ணிகினு கீறேன் அங்க? ஒரு ஷிப்டுல நான் மாட்ற ஷாக்கு, உன் மெக்கானிக்கு ஆயுசுல மாட்டியிருக்க மாட்டான். வூட்டுலயே ஆள வெச்சிக்கினு வெளிய குடுக்கறியா?”

அதற்கு மேல் அப்பா என்ன பேச முடியும்? கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், உள்ளே அம்மா பருப்பை வேகப்போட, வெளியே சித்தப்பா வண்டிக்கடியில் பாயைப் போட்டார். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தார்கள். துருப்பிடித்த பழைய போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி, சுத்தியலால் நாலு போட்டு, பழைய ஷாக்கைக் கழற்றுவதற்குள் இருவருக்கும் வேர்த்து ஊற்றியது. புது ஷாக்கைச் சுருக்கி ஒரு பட்டையால் கட்டியிருந்தார்கள். பட்டையை வெட்டியதும் அது யாரும் தொடாமல் தானே மெல்ல நீண்டது. நான் அலறிக்கொண்டு படியில் ஏறி நின்றேன். சித்தப்பா பெருமையாகச் சிரித்தார்.

பிறகு அவர் இடது பக்கத்து ஷாக்கை மாட்டினார். அதைப் பார்க்க எதிர்வீட்டுக்காரர்கூடப் பல்குச்சியோடு வந்து நின்றார். ஷாக்கை ஒரு கையால் தூக்கினார், மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட், விரல் நுனியில் நட்டு சுழன்றது, ஆள் வெளியே வழுக்கி வந்துவிட்டார். அப்பா ஸ்பானரைத் தேடி எடுத்து நிமிர்வதற்குள் முடிந்துபோயிற்று. “கம்பெனிக்காரன்னா கம்பெனிக்காரன்தான்” என்றார் எதிர்வீட்டுக்காரர். சித்தப்பா சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார், அதிலும் கிரீஸ் ஒட்டியது.

வலது பக்கம் போனதும்தான் கூத்து. கம்பெனியில் சித்தப்பா இடது பக்கத்து ஆள். வலது பக்கத்துக்கு எதிரே வேறொருவர் நிற்பாராம். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இவர் கை அந்தப் பக்கம் போனதே இல்லை. போல்ட்டை எந்தக் கையில் பிடிப்பது, தலையை எந்தப் பக்கம் வைப்பது என்று எல்லாம் குழம்பி, உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தார். நட்டு மூன்று முறை மண்ணில் விழுந்தது. பல்குச்சிக்காரர் மரியாதையாக வீட்டுக்குப் போய்விட்டார். கடைசியில் அப்பாவும் உள்ளே படுத்து, ஆளுக்கொரு ஸ்பானர் பிடித்து, முக்கி முனகி இறுக்கினார்கள். அந்தச் சண்டையைக் கேட்டால் யாரும் ஷாக் மாட்டுகிறார்கள் என்று நினைக்கமாட்டார்கள், பாகம் பிரிக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

சாம்பார் அண்டாவை விளிம்பு வரை நிரப்பி ஏற்றினாள் அம்மா. வழியில் கொட்டுவதற்கும் சேர்த்து வைப்பது அவள் வழக்கம். அன்றைக்கு அவளே வண்டியில் வருவதாகச் சொன்னாள். நானும் அடம்பிடித்து முன்சீட்டில் நடுவில் உட்கார்ந்தேன். சித்தப்பாவுக்குத் தட்டில் சோறு போட்டுவைத்துவிட்டுக் கிளம்பினோம்.

வண்டி முதல் பள்ளத்தில் இறங்கியது. ஏறியது. அவ்வளவுதான், ஆடவில்லை. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மீசைக்குள் சிரித்தார். இரண்டாவது பள்ளத்திலும் அப்படியே. அம்மா அன்று முதல்முறையாகச் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஒரகடம் ரோட்டில் ஏறிக் கொஞ்ச தூரம் போன பிறகு பின்னாலிருந்து ‘டக், டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. கரண்டி உருளுகிறது என்றார் அப்பா.

அப்போது பக்கவாட்டில் ஒரு பைக் வந்தது. மடித்துக்கட்டிய லுங்கியோடு சித்தப்பா. ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு, இன்னொரு கையை ஆட்டி ஆட்டி ஏதோ கத்தினார். பின்னாலும் முன்னாலும் கண்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்ததில் ஒன்றும் காதில் விழவில்லை. தன் வேலை எப்படி என்று கேட்கத்தான் துரத்தி வருகிறான் என்று நினைத்த அப்பா, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

அம்மாதான் கவனித்தாள்.

“நிறுத்துய்யா! அவரு கையில சோறு ஒட்டிகினு கீது பாரு. உன் தம்பி சோத்த வுட்டுட்டு எழுந்து வராருன்னா, அது சும்மா இல்ல.”

சரியான பேச்சு. ஊரில் தீப்பிடித்தாலும் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வருகிற ஆள் சித்தப்பா. அப்பா ஓரம் கட்டினார். வண்டி முழுதாக நிற்பதற்குள் சித்தப்பா பைக்கைப் போட்டுவிட்டு அடியில் புகுந்தார்.

“அண்ணா, டைட்டு பண்லண்ணா! லெஃப்ட் சைடு டைட்டே பண்ல!”

விஷயம் இதுதான். கம்பெனியில் சித்தப்பாவின் வேலை ஷாக்கைத் தூக்கி மாட்டி, நட்டை விரலால் இரண்டு சுற்றுச் சுற்றிவிடுவது வரைக்கும்தான். அதற்குள் லைன் நகர்ந்துவிடும். அடுத்த ஸ்டேஷனில் ஒருவர் மெஷினோடு நிற்பார், இறுக்குவது அவர் வேலை. வருஷக்கணக்காக இரண்டு சுற்றோடு கையெடுத்துப் பழகியவர், எங்கள் வீட்டு வாசலிலும் இரண்டு சுற்றோடு கையெடுத்துவிட்டார். எங்கள் வாசலில் அடுத்த ஸ்டேஷன் இல்லை. தெரியாத வலது பக்கத்தைத் திட்டிக்கொண்டே ஒழுங்காக இறுக்கியவர், கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய இடது பக்கத்தைத்தான் விட்டுவிட்டார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், இது யானை தன் சொந்தக் கொட்டகையிலேயே சறுக்கிய கதை. சாம்பாரைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்துகொண்டிருக்கும்போது திடீரென்று அவருக்கு உறைத்திருக்கிறது.

நானும் குனிந்து பார்த்தேன். கீழ் நட்டு கடைசி மரையில் தொங்கிக்கொண்டிருந்தது. போல்ட் பாதிக்குமேல் வெளியே வந்திருந்தது. அப்பா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். இடுப்பில் வைக்கிற வயதைத் தாண்டியிருந்த எனக்கு வெட்கமாக இருந்தது.

“இன்னும் ரெண்டு பள்ளம் தாங்கியிருக்காதுண்ணா” என்றது வண்டிக்கடியிலிருந்து ஒரு குரல். அழுகிற குரல்.

“தாங்கிச்சில்ல, வுடு. மொதல்ல இறுக்கு” என்றார் அப்பா.

சீட்டுக்கடியில் இருந்த ஸ்பானரால் சித்தப்பா இறுக்கினார். மேல் நட்டு, கீழ் நட்டு, மறுபடி மேல் நட்டு. சந்தேகத்துக்கு வலது பக்கத்தையும் ஒருமுறை. “போதும் தம்பி, ஒடஞ்சிடப் போவுது” என்று அம்மா சொன்ன பிறகுதான் வெளியே வந்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அம்மா தன் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். சோறு, கிரீஸ், கண்ணீர் மூன்றும் வந்தது.

ஹாஸ்டலில் மேனேஜரே வந்து அண்டாவின் துணியை அவிழ்த்தார். துணி காய்ந்திருந்தது. மூடியைத் திறந்தால் விளிம்பு வரை சாம்பார், மேலே கறிவேப்பிலைகூட வைத்த இடத்தில் இருந்தது. ஓனர் சாப்பிட்டார், இரண்டாம் முறையும் கை நீட்டினார். அம்மா வழியில் கொட்டுவதற்காக வைத்த பங்கு கொட்டாமல் வந்துவிட்டதால் பையன்களுக்குக் கொண்டாட்டம்.

“என்னக்கா, இன்னைக்குச் சாம்பாரு இம்புட்டுக் கெடக்கு? இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துங்க, சும்மா ஊத்துங்க” என்றான் ஒரு தென்காசிப் பையன்.

“அடுத்த வாரமும் இதே மாரி வரட்டும்மா” என்றார் மேனேஜர். அடுத்த வாரம் என்ற சொல் அம்மாவின் வயிற்றில் பாலை வார்த்தது. திரும்பும் வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். எங்கள் வீட்டில் அம்மா பேசினால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

வீட்டு வாசலில் சித்தப்பா காத்திருந்தார். மெஸ் நிலைத்ததைக் கேட்டதும் கும்பிட்டார், யாரைப் பார்த்து என்று தெரியவில்லை. பிறகு வண்டியின் பின்பக்கம் போய், இரண்டு கையாலும் அழுத்தி விட்டார். வண்டி இறங்கி, எழுந்து, அப்படியே நின்றது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் நின்றது. கொஞ்சம் தள்ளிப் போய் நின்று பார்த்தார். குந்தி உட்கார்ந்து பார்த்தார். திரும்பி வந்து மறுபடி அழுத்தினார். அப்பா சிரித்தபடி உள்ளே போய்விட்டார், அம்மாவும் போய்விட்டாள். அவர் நிறுத்தவில்லை.

“இன்னும் லூசா கீதா சித்தப்பா?” என்று கேட்டேன்.

“இல்லம்மா, நல்லாத்தான் கீது. தரையில எப்படி நிக்குது பாரு.”

தரையில் நிற்காமல் வண்டி வேறெங்கே நிற்கும் என்று எனக்குத் தோன்றியது. கம்பெனியில் வண்டிகள் அவர் தலைக்குமேல் தொங்கியபடிதான் வரும், தொங்கியபடிதான் போகும், அவருக்கு அவற்றின் வயிறு மட்டுமே தெரியும் என்பதை நானும் ஒரு லைனில் வேலைக்குப் போன பிறகுதான் பார்த்தேன். எத்தனையோ ஆயிரம் வண்டிக்கு ஷாக் மாட்டியவர், தான் மாட்டி, தானே இறுக்கி முடித்து, தரையில் இறங்கி நிற்கும் வண்டி ஒன்றை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அப்போது எனக்குத் தெரியாது. பெரியவர்களுக்கும் சில நேரம் விளையாட்டுப் புத்தி வந்துவிடுகிறது என்று எண்ணிக்கொண்டு, நானும் பின்தட்டில் ஏறி நின்று, அவர் அழுத்தும்போதெல்லாம் குதித்தேன்.