ஊசிக்கார ராஜமாணிக்கம் தேடிய வம்சம்

எங்கள் வம்சாவளிச் சங்கத்தில் உருப்படியாக வேலை செய்தவர் ஒரே ஒருவர்தான், அம்மை குத்தும் ராஜமாணிக்கம். மற்ற ஐந்து பேரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புதுவாயல் பள்ளிக்கூடத்தில் கூடி, டீ குடித்து, அவரவர் பாட்டன் பெருமையைப் பேசிவிட்டுக் கலைவோம். சங்கத்தை ஆரம்பித்த வாத்தியார் நான். அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

ராஜமாணிக்கம் சைக்கிளில் ஊர் ஊராகப் போய் ஊசி குத்துவார். குழந்தை கத்தும், தாய்க்காரி திட்டுவாள். இவர் அசராமல், "உன் மாமனாரோட அப்பா பேரு இன்னாம்மா?" என்பார். அவள் வெட்கப்பட்டால் பக்கத்து வீட்டுக்காரி சொல்லுவாள். மூன்றே வருஷத்தில் இருநூறு குடும்பங்களின் வம்சம் எங்கள் பீரோவில் சேர்ந்தது. அவருடைய வம்சம் மட்டும் அப்பா சடையப்பனோடு நின்றுவிட்டது. தாய் முத்தம்மாள் இவருடைய இரண்டு வயதிலேயே போய்விட்டாள். "பூர்வீகம் எதுன்னு கேட்டா, சாவற வரைக்கும் நைனா வாயே தொறக்கல சார்" என்பார்.

1974இல் அவர் மகள் சின்னப்பொண்ணுக்கு ஊத்துக்கோட்டைப் பக்கத்து வரதன் அமைந்தான். இருவருக்கும் பிடித்துப்போய், தட்டு மாற்ற நாளும் குறித்தாகிவிட்டது. சும்மா இருக்கக் கூடாதா இந்த மனுஷர்? சம்பந்தி வீட்டு வம்சத்தை எழுதிப் பரிசாகத் தருகிறேன் என்று கிளம்பினார். எழுதிக்கொண்டே வரும்போது வரதனின் தாத்தாவுக்கு ஒரு தம்பி வந்தார். பெயர் சடையப்பன். இடது கையில் ஆறு விரல். அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு இளவயதில் ஊரைவிட்டுப் போனவர்.

எழுதிய வம்சப் படிவத்தை என் மேஜையில் போட்டார் ராஜமாணிக்கம். "எங்க நைனாவுக்கும் ஆறு வெரலு சார். பங்காளி ஆயிட்டோம். வரதன் என் பொண்ணுக்கு அண்ணன் மொற."

"வேற யாருக்குத் தெரியும்? கிழிச்சுப் போடுங்க" என்றேன். அந்தப் பெண்ணின் சந்தோஷம்தான் என் கண்ணில் நின்றது.

"எனக்குத் தெரியுமே சார்."

கல்யாணம் வேண்டாம் என்று சொல்ல மறுநாளே புறப்பட்டார். துணைக்கு நானும் போனேன். வரதன் வீட்டுக் கூடத்தில் அவர் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்ததும், வரதனின் அத்தை மணியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாய்யா சொல்ற? சடையப்பன் சித்தப்பாவுக்குக் கல்யாணமே ஆவல. அவரு இட்டுக்கினு போனது தங்கச்சிய. எங்க முத்தம்மா அத்தைய. அத்தை புருசன் பச்சையப்பன் காலராவுல பூட்டாரு. வயித்துல ஏழு மாசம். ராசி கெட்டவன்னு எங்கப்பாவே அத்தைய ஊட்டுல சேக்கல. அதுக்குத்தான் சண்ட."

எனக்குத் தலை நிமிரவில்லை. படிவத்தை அச்சடித்தவன் நான். பாட்டன், அப்பன், மகன், பேரன் என்று ஆண்களாகவே இறங்கும், பெண்ணுக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. கூடப்பிறந்த பெண்கள் உண்டா என்று ராஜமாணிக்கம் எந்த வீட்டிலும் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வரதனின் அப்பா எழுந்து வந்து ராஜமாணிக்கத்தைக் கட்டிக்கொண்டார். "அத்த மவனா நீ? அப்ப எனக்கு மச்சான்யா. உன் பொண்ணு எம்புள்ளைக்கு மொறப்பொண்ணு." வீடே கலகலத்தது. ராஜமாணிக்கம் மட்டும் சிரிக்கவில்லை.

தட்டு மாற்றும் அன்று இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். பெண் யார் வழி என்று சபையில் சொல்லவேண்டும். ராஜமாணிக்கம் எழுந்தார். வாயைத் திறந்தவர் நிறுத்தினார். "பச்சையப்பன் மகன் ராஜமாணிக்கம். இது என் பொண்ணு" என்றார். "சடையப்பன் எனக்குத் தாய்மாமன்." தட்டு மாறியது. சின்னப்பொண்ணு முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

பந்தியில் அவரைக் காணவில்லை. கிணற்றடியில் குந்திக்கொண்டிருந்தார். எல்லாம் நல்லபடியாகத்தானே முடிந்தது என்றேன்.

"முடிஞ்சுது சார். எனக்காவ கல்யாணமே கட்டிக்காத மனுசன். நைனான்னு நான் கூப்புட்டப்பல்லாம், ஒரு நாளு நான் உன் நைனா இல்லன்னு சொன்னது கெடயாது" என்றார். "இன்னிக்கி அத்தினி பேரு முன்னாடி நான் சொல்லிட்டேன்."