பழப்புளியும் ஜப்பானியச் சாடியும்

வெண்கலத்தில் "பழப்புளி" என்று நாங்கள் சொல்லும் சமையல் புளி படும்போது ஒரு மணம் எழும். எங்கள் வீட்டில் அது குத்துவிளக்குத் துலக்கும் வெள்ளிக்கிழமை மணம். பயந்தால் வயிற்றில் புளி கரையும் என்பார்களே, எனக்கு அந்த மணம் மூக்கில் ஏறினாலே போதும், கரைந்துவிடும்.

இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில், எங்கள் அகதி வழக்கு முடியாமல் இழுபட்ட ஒரு கோடையில், அம்மா இல்-பிசார் என்ற ஆற்றுத் தீவில் தனியாக இருந்த ஒரு முதிய பிரெஞ்சுக்காரரின் வீட்டைத் துப்புரவாக்கப் போவார். பள்ளி விடுமுறை என்பதால் சின்னப் பெட்டையான என்னையும் கூட்டிப்போவார். புறப்படும்போதெல்லாம் அப்பாவுக்கு ஒரே மந்திரம்தான். "கேஸ் முடியுமட்டும் பொலிஸ் எங்கட பேரைக் கேக்கப்படாது. அந்த வீட்டுச் சாமானுக்கு ஒண்டும் நடக்காமல் பாருங்கோ."

அங்கே கணப்படுப்பின் மேல் ஒரு சோடி ஜப்பானிய வெண்கலப் பூச்சாடிகள் நின்றன. கறுப்பென்றால் அப்படியொரு கறுப்பு. அவற்றின் வயிற்றில் ஒரு முகம்: பிதுங்கிய கண்கள், சுருண்ட கொம்புகள், மேற்பற்கள், கீழ்த்தாடையே இல்லை. அந்தக் கண்கள் என் பின்னாலேயே வருவதாக நடுங்கி, முதுகைக் காட்டாமல் நண்டுபோலப் பக்கவாட்டில் நடப்பேன். அம்மா சிரிப்பார்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இருட்டைத் தேய்ச்சுவிட்டாப் பேய் போயிடும், பிள்ளை."

அடுத்த முறை அம்மாவின் கைப்பையில் பழப்புளியும் வந்தது. வீட்டுக்காரர் தோட்டத்தில் நின்ற நேரம், ஒரு சாடியைக் குசினித் தொட்டியில் வைத்து, சாமி விளக்கைத் துலக்கும் அதே பக்தியோடு தேய்த்தார். கறுப்புக் கரைந்தோட, பொன்னிறத்தில் வெளிவந்த முகம் கோயில் வாசல் வளைவிலிருக்கும் சிங்கமுகம் போலவே சிரித்தது. என் பயம் போய்விட்டது. "பாத்தியே?" என்றார் அம்மா.

அப்போதுதான் வீட்டுக்காரர் உள்ளே வந்தார்.

சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சாடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, மடியில் வைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாததால் அவர் மெல்லச் சொன்னதெல்லாம் என் வாயால்தான் அம்மாவிடம் போனது. அது அழுக்கில்லையாம், ஏற்றிய நிறமாம். பழைய சீனப் படையல் பாத்திரங்களில் மயங்கிய ஜப்பானியக் கைவினைஞர்கள், அவற்றின் வடிவத்தையும் விலங்கு முகத்தையும் எடுத்ததோடு, மண்ணில் புதைந்து கிடந்ததால் அவற்றுக்கு வந்த முதுமையையும் விரும்பி, தங்கள் சாடிகளையும் மருந்து நீரில் காய்ச்சிக் கறுக்க வைத்தார்களாம்.

"ஆராவது மினக்கெட்டுக் கறுக்கப் பண்ணுவினமே?" என்று கேட்டார் அம்மா. "மன்னிக்கச் சொல்லு பிள்ளை. பொலிசுக்கு மட்டும் சொல்ல வேண்டாமெண்டு சொல்லு."

பொலிஸ் என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அவர் நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து, மினுங்கிய சாடியைத் துடைத்துக் கறுத்ததன் அருகே வைத்தார். இனிமேல் காய்ந்த துணி மட்டும் போதும் என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னார்.

அவர் மன்னித்துவிட்டார் என்பதை நாங்கள் நம்பவில்லை. அந்தக் கோடை முழுவதும் எங்கள் வீட்டுக் கதவை யார் தட்டினாலும் அம்மா குசினிக்குள் ஒதுங்கிவிடுவார். நான் மூச்சையடக்கி நிற்பேன். வழக்கில் வென்ற பிறகும் அம்மா அங்கே வேலைக்குப் போனார். ஒவ்வொரு முறையும் சாடியை எட்டிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கறுத்துக்கொண்டு வருது" என்று ஆறுதலாகச் சொல்வார்.

இன்று அந்தப் பெரியவர் இல்லை. வீடு கைமாறிவிட்டது, சாடிகள் எங்கே போயினவோ தெரியாது. போன வெள்ளிக்கிழமை லவாலில் என் வீட்டுக் குசினியில் குத்துவிளக்கைத் துலக்கப் பழப்புளியை எடுத்தேன். மணம் உள்ளே வரை எட்டியிருக்க வேண்டும். அறைக்குள் படுத்திருந்த அம்மா சுவரைப் பிடித்தபடி எழுந்து வந்து, வாசலில் நின்று கேட்டார்:

"பிள்ளை, அது எங்கட விளக்குத்தானே?"