எட்டிப் பார்த்த இருபது தடவை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அருப்புக்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் பெயர் வரிசையில் அடுக்கித் தரவேண்டும். காலையில் ஓடவிட்டது பொழுது சாய்ந்தும் முடியவில்லை. சென்டர் முதலாளி அண்ணாச்சி டைப்ரைட்டிங் கிளாஸ் சாவியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"நாளைக்கு மத்தியானப் பஸ்ஸுல லிஸ்ட்டு போகலேன்னா வேலைய மதுரைக்குக் குடுத்துருவேன் தாயி. நீ பழையபடி கிளாஸ் எடுக்கப் போயிரு."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அந்த டைப்ரைட்டிங்கை விட்டு வந்ததே பெரும்பாடு.

பெயர்கள் பதிந்திருந்த பிளாப்பி வட்டை வாசிப்பதுதான் இழுத்தடிக்கிறது என்று நினைத்தேன். உறுதி செய்ய, ஒவ்வொரு படியும் தொடங்கும் நேரம், முடியும் நேரம் திரையில் வரும்படி எழுதினேன். கெட்டது குடி! நேரத்தைக் காட்டுவதிலேயே நேரம் போனது. எது புரோகிராம் எடுத்தது, எது நான் சேர்த்தது என்று பிரிக்கவே முடியவில்லை.

மறுநாள் காலை அண்ணாச்சி வாசலில் நின்று, டைப்ரைட்டர் ரிப்பேருக்கு வைத்திருந்த மெக்கானிக்கைப் பற்றிப் புலம்பினார். "நாலு தடவ எட்டிப் பாத்தேன். நாலு தடவையும் டீக்கடையிலதான் நிக்கிறாரு. பொழுதெல்லாம் அங்கதான் போகுது."

எனக்குப் பொறி தட்டியது. கடிகாரத்தோடு பின்னாலேயே அலைய வேண்டாம், நினைத்தபோது எட்டிப் பார்த்தாலே போதுமே! கீபோர்டில் கண்ட்ரோல், பிரேக் என்ற இரண்டு விசைகளையும் சேர்த்து அழுத்தினால் புரோகிராம் நின்று, நின்ற வரியின் எண்ணைச் சொல்லும். குறித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்தே ஓடவிடலாம். அதிகத் தடவை எந்த வரியில் நிற்கிறதோ, அங்கேதான் நேரம் போகிறது. நேரம் காட்டும் வரிகளை அழித்தேன். மறுபடி ஓடவிட்டேன். இருபது தடவை நிறுத்தினேன். பிளாப்பி வரியில் ஒரே ஒரு தடவை. பதினெட்டு தடவை வேறோர் இடம்.

அது நான் பீற்றிக்கொண்ட இடம். நம் ஊரில் இனிஷியல் பெயருக்கு முன்னால் அல்லவா நிற்கிறது? அதைக் கழற்றிவிட்டுப் பெயரைப் பார்க்க ஒரு துண்டு புரோகிராம் எழுதியிருந்தேன். இரண்டு பெயரை ஒப்பிடும்போதெல்லாம் அது மறுபடி மறுபடி கழற்றிக்கொண்டிருந்தது. அட கூறுகெட்டவளே என்று என்னையே திட்டிக்கொண்டு, முதலிலேயே எல்லாப் பெயருக்கும் ஒரு தடவை கழற்றி வைத்துவிட்டு அடுக்கச் சொன்னேன்.

பதினோரு மணிக்குப் பிரிண்டர் கத்தத் தொடங்கியது. சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"எப்படித் தாயி?" என்றார் அண்ணாச்சி.

"உங்க மெக்கானிக்கப் பாத்த மாதிரிதான் பாத்தேன் அண்ணாச்சி."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. லிஸ்ட்டை மடித்துக் கவரில் போட்டார். என் மேசையிலிருந்த சாவியையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.