சிக்னலில் அணைந்த ஸ்போர்ட்ஸ் கார்

கார் பட்டறைக்குள் புது என்ஜின் வந்தால், பழி அதற்கு முன்பே தொழிலாளியிடம் வந்து சேர்ந்துவிடும். எத்தனை சோப்புப் போட்டாலும் கைக்கரி போகாத தோழர்களே, உங்களுக்கு இது தெரியும். வரிசையாகச் சொல்கிறேன். முதலில் கார்புரேட்டரை ஒழித்தார்கள், பயிற்சி தரவில்லை. அடுத்து, பழுது பார்க்கும் கம்ப்யூட்டரை வாங்கி மேனேஜர் அறையில் பூட்டினார்கள். பிறகு, சங்கத்தின் பேரில் அதைக் கேட்ட என்னை வண்டி கழுவும் இடத்துக்கு மாற்றினார்கள். அதற்கும் பிறகுதான் செல்வத்தின் மேல் கைவைத்தார்கள்.

தள்ளுபவர்கள்

செல்வம் மதுரையில் ஒரு ஜவுளிக்கடை முதலாளியின் டிரைவர். 2009 வாக்கில் முதலாளி வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கினார். பெட்ரோலை மிச்சம் பிடிக்க, பிரேக்கை மிதித்து நின்றால் என்ஜின் தானாக அணையும். காலை எடுத்தால் தானாகக் கிளம்பும். விற்றவர்கள் இதை யாருக்கும் சொல்லவில்லை. காளவாசல் சிக்னலில் சத்தம் அடங்கியதும் நம் ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? கொய்யாப்பழம் விற்பவர், ஆட்டோக்காரர் என்று நாலு பேர் ஓடிவந்து பின்னால் கைவைத்தார்கள். செல்வம் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார், என்ஜின் உறுமியது. தாங்கள் தள்ளியதால்தான் என்று அவர்களுக்குப் பெருமை. "இம்புட்டுச் சின்ன வண்டிக்கு இம்புட்டுச் சத்தமாண்ணே!"

சாவி

பக்கத்தில் இருந்த முதலாளிக்கு மானம் போய்விட்டது. கோபம் வந்தால் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில் திட்டுபவர், அன்று கடைக்குத் திரும்பியதும், கடை முழுக்கக் கேட்கட்டும் என்று தமிழில் திட்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். செல்வம் நேரே என்னிடம் வந்து, ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார். "வேலை போனாப் போகுதுண்ணே. ஓட்டத் தெரியாதவன்னு சொல்லிட்டாருண்ணே."

சோதனை ஓட்டம்

வண்டி ஏன் நின்றால் அணைகிறது என்று எங்கள் மேனேஜரிடம் போய்க் கேட்டேன். "அது புது என்ஜினோட குணம்ப்பா" என்றார், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். அடுத்த வாரம் ஜவுளிக்கடை முதலாளி தானே ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார், வழியெல்லாம் அணைந்ததாம். சோதனை ஓட்டம் என்று பக்கத்தில் ஏறிக்கொண்டேன். காளவாசலில் அணைந்தது. முதலாளி பிரேக்கை விடாமல் சாவியைத் திருகினார். "காலை எடுங்க முதலாளி" என்றேன். எடுத்தார், கிளம்பியது. அதற்குள் ஓடிவந்துவிட்ட கொய்யாப்பழக்காரர் குனிந்து உள்ளே பார்த்தார். "நம்ம டிரைவரண்ணன் எங்க? அவரு வண்டிய அம்புட்டுப் பதமா எடுப்பாரே!"

கடையில்

எல்லார் முன்னும் பறித்ததை எல்லார் முன்னும் கொடுங்கள் என்றேன். முதலாளி மறுக்கவில்லை. விற்பனைப் பெண்களும், சேலை எடுக்க வந்தவர்களும் பார்த்திருக்க, செல்வத்தின் கையைப் பிடித்துச் சாவியை வைத்தார். இரண்டு பக்கத்துக்கு நான் எழுதிக் கொடுத்திருந்த கண்டன அறிக்கையில் கடைசி வரியை மட்டும் சத்தமாக வாசித்தார்: "நல்லா ஓட்டத் தெரிஞ்சவர், ஒச்சப்பன் மகன் செல்வம்."