ஈரம் காயாத தொட்டி

என் அக்காவின் கணவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எண் குறிப்பவர். எங்கள் தெருவில் அவருக்குப் பெயரே மீட்டர்தான். எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு கண் மீட்டரில் இருக்கும், இன்னொரு கண் வாசலில் நிற்கும் செடிகளில்.

அத்தானுக்கு ஒரு குணம். யாருக்கும் கெட்ட செய்தி சொல்ல வாய் வராது. ஒரு வீட்டில் யூனிட் இரண்டு மடங்காகியிருந்தால், "வெயில் காலம் இல்லையா, எல்லா வீட்லயும் இப்படித்தான்" என்று முனகிவிட்டு நழுவிவிடுவார். அக்காவின் சமையலில் உப்பு கரித்தாலும் "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லித் தண்ணீரைக் குடிப்பார்.

மொட்டை மாடி முழுக்க, மரங்களைக் குட்டையாகவே வளர்க்கும் அவருடைய போன்சாய்த் தொட்டிகள். துணி காயப்போட அந்த மரங்களிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது என்பாள் அக்கா. எல்லாமே நர்சரியில் கன்றாக வாங்கி வளர்த்தவை. பன்னிரண்டு வருடமாகியும் ஒன்றின் தண்டுகூட என் கட்டைவிரலைத் தாண்டவில்லை. போன்சாய்க்குத் தண்டு பருமனாக, முதிர்ந்து இருக்க வேண்டும். இவை கிழமாவதற்குள் நான் கிழமாகிவிடுவேன் என்று அத்தான் சொல்லிச் சிரிப்பார். வாசலில் அழகுக்கு நட்டு, கவனிக்காமல் விட்டதால் பெருத்துப்போன ஏதாவது ஒரு பழைய செடியைத் தோண்டி எடுத்துத் தொட்டிக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

அவர் மீட்டர் பார்க்கும் வீடுகளில் ஒன்றான தையல்காரம்மா வீட்டு வாசலில் அப்படி இரண்டு ஜூனிபர்கள், ஊசியிலைச் செடிகள், இருந்தன. வீடு கட்டிய வருடம் கேட்டுக்கு இந்தப்பக்கம் ஒன்றும் அந்தப்பக்கம் ஒன்றுமாக அவர் கணவர் நட்டவை. அப்போது முழங்கால் உயரம். இப்போது மதிலைத் தாண்டிப் பாதையை அடைத்துக்கொண்டு நின்றன. அத்தான் மண்டியிட்டுக் கிளைகளை விலக்கிப் பார்த்திருக்கிறார். உள்ளே தொடை பருமனில் தண்டு, ஈரத்துணியைப் பிழிந்ததுபோல முறுக்கிக்கொண்டு. அன்று சாப்பிட உட்கார்ந்தபோதும் கையால் அந்த முறுக்கைக் காட்டிக்கொண்டே இருந்தார்.

அத்தான் செடியைக் கேட்டதும் தையல்காரம்மா சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. இப்போது ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அது பிழைத்தால் அடுத்த வருடம் மற்றதையும் தருவார். செத்துப்போனால், செத்துவிட்டது என்று அவரிடம் வந்து சொல்லிவிட வேண்டும். அவர் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று வாரமும் டாக்டர் முதல் சொந்தக்காரர்கள்வரை எல்லாரும் நன்றாக இருக்கிறார் என்றே சொன்னார்களாம். கணவரின் கடைசி நாளன்று இவர் வீட்டில் உட்கார்ந்து அவருக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இப்படிப்பட்ட செடியை அவசரப்பட்டு எடுக்கக் கூடாது. இந்த வருடம் ஒரு பக்க வேரை வெட்டிவிட்டு மண்ணைப் போட்டு மூட வேண்டும். அடுத்த வருடம் மறுபக்கம். தண்டோடு ஒட்டிய பழைய மண்ணை விட்டுவைக்க வேண்டும். வேரில் கை வைத்த வருடம் இலையில் கை வைக்கக் கூடாது. இதெல்லாம் அத்தான் மற்றவர்களுக்குச் சொல்லி நான் கேட்டவைதான். ஆனால் அவருக்கு முழங்கால் வலி ஆரம்பித்திருந்தது, பொறுமை போய்விட்டது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தோண்டி எடுத்தார். மறுநாள் வேரில் ஒரு பொட்டு மண் இல்லாமல் கழுவினார். பாதிக்கு மேல் கிளைகளை வெட்டி, மிச்சத்தைக் கம்பி சுற்றி வளைத்தார். குளிப்பாட்டி, முடிவெட்டி, போட்டோ எடுக்க உட்கார வைத்த மாதிரி இருக்கிறது என்றாள் அக்கா. எனக்கும் அழகாகத்தான் தெரிந்தது.

பகலில் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. இரண்டு மாதம் கழித்து மீட்டர் பார்க்கப் போனபோது அத்தான், மரம் நன்றாக இருக்கிறது என்று தையல்காரம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தார். அப்போது பொய் இல்லை. நான்காவது மாதம் நான் ஒன்றைக் கவனித்தேன். மற்றத் தொட்டிகள் மாலைக்குள் காய்ந்துவிடும். இது மட்டும் காயவில்லை. தண்ணீரை நிறுத்திப் பார்த்தேன். ஒரு வாரம் மனதுக்குள்ளேயே வைத்திருந்துவிட்டுச் சொன்னேன்.

"அத்தான், இதுக்கு ஒரு வாரமா தண்ணி ஊத்தலை. இன்னும் ஈரமா இருக்கு."

அவர் மண்ணுக்குள் விரலை விட்டார். மரம் தண்ணீர் குடிக்கவில்லை. நகத்தால் பட்டையைச் சுரண்டினார். உயிர் இருந்தால் உள்ளே பச்சையாக இருக்கும். பழுப்பாக இருந்தது. மூன்று இடத்தில் சுரண்டிவிட்டு, சுரண்டிய இடங்களில் ஈரமண்ணைத் தடவினார். இலைகள் அத்தனையும் பச்சை. ஜூனிபர் செத்தாலும் சில மாதம் அப்படியேதான் நிற்குமாம்.

"பச்சையாத்தானே இருக்கு? பச்சையா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. அதுல என்ன பொய்?" என்றாள் அக்கா. "மத்ததையும் எடுத்துட்டு வந்தப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்."

அவர் சிரித்தார். மீட்டர் பார்க்கும் நாளுக்குப் பத்து நாள் இருந்தது. பத்து நாளும் மாடிக்கே வரவில்லை. அந்த நாள் வந்ததும், தொட்டியைப் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னால் உட்காரும்படி என்னிடம் சொன்னார்.

தையல்காரம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இலைகளைத் தடவினார். அத்தான் வாயைத் திறந்தார். "வெயில் காலம் இல்லையா..." என்றுதான் வந்தது. நிறுத்திக்கொண்டார்.

"இது செத்துப்போச்சும்மா."

"பச்சையா இருக்கே, மீட்டர்?"

அவர் சுரண்டிக் காட்டினார். தையல்காரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நூல் வெட்டும் கத்திரியால் தானும் ஒரு கிளையைச் சுரண்டினார். பிறகு இன்னொன்றை. பிறகு அடித்தண்டை.

"எதனால?"

இந்தக் கேள்வி நிபந்தனையில் இல்லை. மரத்துக்கு வயதாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நான் அத்தானின் காலைப் பார்த்தேன். கால்விரல்கள் தரையைப் பற்றிக்கொண்டிருந்தன.

"என்னாலதான். ரெண்டு வருஷத்துல செய்யவேண்டியதை ரெண்டு நாள்ல செஞ்சேன். தப்புன்னு தெரிஞ்சேதான் செஞ்சேன்."

தையல்காரம்மா நாடாவை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"மத்ததைத் தரமாட்டேன். அது இங்கயே நிக்கட்டும்."

"சரிம்மா."

"இது எப்ப நிறம் மாறும்?"

"இன்னும் ஒரு மாசம் ஆகலாம். உள்பக்கம் முதல்ல மஞ்சளாகும்."

"அப்ப இதை வெச்சுட்டுப் போங்க. இந்தத் தடவை நான் பக்கத்துல இருந்துக்கறேன்."

தையல் மிஷினுக்கு அருகே ஜன்னலோரத்தில் வைத்தோம். அத்தான் மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டார். வீடு திரும்பும் வழியில் என் இரண்டு கைகளுக்கும் வேலை இல்லை. பாதி தூரத்தில் அத்தான் வண்டியை மெதுவாக்கி, தலையைக் கொஞ்சம் திருப்பினார்.

"தொட்டி புதுசு. அதைத் திருப்பிக் கேக்க வாய் வரலை. உங்க அக்காகிட்ட சொல்லாதே."